பம்ப் ஓடுது, தண்ணி ஓடுதா? நம்ம ஆலயக் குளத்தைப் பத்தி என் கருத்து

பசியாறிட்டு உட்கார்ந்து படிங்க, கொஞ்சம் நீளமான பதிவு. ரெண்டு வாரமா ஆலய வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்வி. "குளத்துத் தண்ணி ஏன் பச்சையா இருக்கு? புது பம்ப் போட்டும் ராத்திரியில் ஏன் நிக்குது? அந்த சென்சரைக் கழட்டிப் போட்டா சரியாயிடுமே, ஏன் செய்ய மாட்டேங்குறீங்க?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் எழுத முடியலை. அதனால இங்கேயே எழுதுறேன்.

முதல்ல என்னைப் பத்தி. எனக்கு வயசு 54. எஸ்.பி.எம். வரைக்கும்தான் படிச்சேன். இஞ்சினியர் கிடையாது. தொழிற்சாலையில் சூப்பர்வைசர். முப்பது வருஷமா பம்ப், கூலிங் தண்ணி, மோட்டார் இதோடதான் என் பொழப்பு. ஆலயத்தில் பம்ப் ரூம் சாவி என்கிட்ட இருக்கு, அவ்வளவுதான். நான் சொல்றது நிர்வாகத்தின் முடிவு இல்லை. ஒரு தொண்டனோட கருத்து.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். அந்த சென்சரை யாரும் கழட்டக் கூடாது. அதை ஒயர் போட்டு ஏமாத்தவும் கூடாது. அது அடிக்கடி பம்பை நிறுத்துதுன்னா, நம்ம மேல ஏதோ தப்பு இருக்குன்னு அர்த்தம். அதைத் தேடிக் கண்டுபிடிக்கணும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னு கீழே படிச்சா புரியும்.

என்ன நடந்தது?

நம்ம குளம் பெருசு ஒண்ணும் இல்லை. 8 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், ஆழம் 1.2 மீட்டர். கணக்குப் போட்டா 48 ஆயிரம் லிட்டர். ஆனா வர்றவங்க எல்லாரும் அதில்தான் கால் கழுவுறாங்க, தலையில் தெளிச்சுக்கிறாங்க. பிள்ளைங்க படியில் உட்கார்ந்து தண்ணியை அள்ளி விளையாடுதுங்க. மாசி மகத்துக்குச் சின்னத் தெப்பம் விடுறோம். அதனால தண்ணி சுத்தமா இருந்தே ஆகணும்.

பழைய பம்ப் ஒரே வேகம்தான். சுவிட்சைப் போட்டா நிமிஷத்துக்கு 2900 சுத்து, இல்லேன்னா நிக்கும். கரண்ட் பில் ஏறிக்கிட்டே போச்சு. பொருளாளர் அண்ணன் ஒவ்வொரு கூட்டத்திலும் அதைச் சொல்வார். போன வருஷம் ஒரு குடும்பம் உபயமா புது பம்ப் வாங்கிக் கொடுத்தது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பம்ப். கூடவே உப்புத் தண்ணியிலிருந்து குளோரின் எடுக்கிற மெஷினும் வந்தது. பொருத்த வந்த ஆள் பகலுக்கு 2000, ராத்திரிக்கு 1200 சுத்துன்னு வைத்துவிட்டுப் போனார்.

ரெண்டு மாசம் நல்லா ஓடுச்சு. அப்புறம் ராத்திரியில் மட்டும் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பிச்சது. தண்ணி ஓட்டம் இல்லைன்னு பேனல் சொல்லும், அரை நிமிஷத்தில் பம்பை நிறுத்திடும். காலையில் குருக்கள் ஐயா வந்து ரீசெட் பண்ணுவார். பகல் முழுக்க ஓடும். ராத்திரி மறுபடியும் நிக்கும். ஆடி மாசத்தில் வெள்ளிக்கிழமைக் கூட்டம் வேற. தண்ணி பச்சையாகி, படி வழுக்க ஆரம்பிச்சது. ஒரு பாட்டி வழுக்கி விழப் பார்த்தாங்க. திட்டெல்லாம் பம்ப் ரூம் ஆளுங்களுக்குத்தான்.

அப்புறம் திடீர்னு பம்ப் நிக்கவே இல்லை. பத்து நாள் ஓடிக்கிட்டே இருந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு நைட் ஷிஃப்ட், அதனால நானும் போய்ப் பார்க்கலை. தானா சரியாயிடுச்சு போலன்னு நினைச்சேன். தானா கெட்டது தானா சரியாகாதுன்னு தொழிற்சாலையில் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற ஆள் நான். அன்னிக்கு எனக்கே அது உறைக்கலை.

அந்த ஞாயித்துக்கிழமை கோத்தோங் ரோயோங். காலையில 6 மணிக்கே வந்துட்டேன். பம்ப் ரூம் கதவைத் திறந்தா மூக்கில் சுருக்குன்னு குளோரின் வாடை. மோட்டார் சத்தம் மாறியிருந்தது. பம்ப் மூடி கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே பார்க்கலாம். தண்ணி பாதிக்கும் கீழே, மேலே முழுக்கக் காத்து. பம்ப் உடம்பில் கை வைக்க முடியலை, அவ்வளவு சூடு. ஒரு வாரமா மழை இல்லாம குளத்துத் தண்ணி மட்டம் இறங்கி, பம்ப் தண்ணிக்குப் பதிலா காத்தை இழுத்துக்கிட்டு இருந்திருக்கு. ராத்திரி முழுக்க மோட்டார் சுத்தியிருக்கு. பைப்பில் ஒரு சொட்டு ஓடலை.

ஆனா பேனலில் பச்சை விளக்கு. குளோரின் மெஷினும் எல்லாம் நல்லா இருக்குன்னு காட்டுது.

உடனே மெயின் சுவிட்சை அடிச்சேன். கதவு ஜன்னல் எல்லாத்தையும் திறந்துவிட்டேன். பிறகு பேனல் மூடியைத் திறந்து பார்த்தால், ஃபுளோ சுவிட்ச் வர்ற ரெண்டு முனையையும் சேர்த்து ஒரு சின்ன சிவப்பு ஒயர். யாரோ ஜம்பர் போட்டிருக்காங்க. சென்சர் என்ன சொன்னாலும் தண்ணி ஓடுதுன்னே பேனல் நம்பும்.

அதில் என்ன ஆபத்து?

உப்பில் குளோரின் எடுக்கிற மெஷின் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றேன். குளத்தில் ஆயிரம் லிட்டருக்கு 3, 4 கிலோ உப்பு கலந்திருக்கும். அந்தத் தண்ணி பைப்பில் ஒரு குழாய்க்குள்ள போகும்போது, உள்ளே இருக்கிற தகடுகளில் கரண்ட் பாயும். ஒரு பக்கம் குளோரின் உண்டாகும், இன்னொரு பக்கம் ஹைட்ரஜன் வாயு உண்டாகும். தண்ணி ஓடிக்கிட்டு இருந்தா ரெண்டும் அப்படியே அடிச்சுக்கிட்டுக் குளத்துக்குப் போயிடும். ஹைட்ரஜன் குமிழியா வந்து காத்தோட கலந்திடும். ஒரு பயமும் இல்லை.

தண்ணி நின்னு போச்சுன்னா? கரண்ட் மட்டும் பாய்ஞ்சுக்கிட்டே இருந்தா அந்த வாயு மூடின குழாய்க்குள்ள சேரும். அழுத்தம் ஏறும். ஹைட்ரஜன் தீப்பிடிக்கிற வாயு. இப்படிக் குழாய் வெடிக்கிறது நடக்கக்கூடிய விஷயம்தான். அதனாலதான் இந்த மெஷினுக்குத் தண்ணி ஓட்டத்தைப் பார்க்கிற சுவிட்ச் வைக்கிறாங்க.

இப்போ நம்ம பம்ப் ரூம் எங்கே இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம்தான் நெய் விளக்கு ஏத்துற மேடை. வெள்ளிக்கிழமைன்னா வரிசையா விளக்கு எரியும். பிள்ளைங்க அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்.

அன்னிக்கு அரை மணி நேரம் காத்திருந்தேன். பக்கத்தில் யாரையும் விடலை, விளக்கும் ஏத்த வேணாம்னு சொன்னேன். பிறகுதான் குழாயோட இணைப்பை மெதுவா லூஸ் பண்ணினேன். சைக்கிள் டியூப் வால்வைத் திறந்த மாதிரி புஸ்ஸுன்னு சத்தம் வந்தது. என் கை நடுங்குனது எனக்குத் தெரியும்.

ஜம்பர் போட்டது யார்?

இதைத்தான் எல்லாரும் கேட்கிறாங்க. நான் விசாரிக்கலை, விசாரிக்கவும் போறதில்லை. போட்டவர் கெட்ட எண்ணத்தில் போட்டிருக்க மாட்டார். தண்ணி பச்சையாகுது, பாட்டி வழுக்கி விழறாங்க, திட்டு விழுது. எப்படியாவது பம்பை ஓட வைக்கணும்னு நினைச்சிருக்கார்.

எனக்கு அது எப்படித் தெரியும்னா, நானும் ஒரு காலத்தில் அதே ஒயரைப் போட்டவன்.

இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. பிளாஸ்டிக் மோல்டிங் தொழிற்சாலை. நைட் ஷிஃப்ட், அவசர ஆர்டர். ஒரு மெஷினில் கூலிங் தண்ணி ஃபுளோ சுவிட்ச் அடிக்கடி நிறுத்துது. நான்தான் ஷிஃப்ட் லீடர். "சுவிட்ச் கெட்டுப்போச்சு, காலையில் மாத்திக்கலாம்"னு சொல்லி ஜம்பர் போட்டேன். சுவிட்ச் கெடலை. பைப்பில் அழுக்கு அடைச்சு தண்ணி குறைஞ்சிருக்கு. அதிகாலை 4 மணிக்கு ஹைட்ராலிக் எண்ணெய் சூடேறி ஒரு ஹோஸ் வெடிச்சது. பக்கத்தில் நின்ன சக தொழிலாளி கையில் கொதிக்கிற எண்ணெய். இப்பவும் பொது இடத்தில் அவரைப் பார்த்தா முழுக்கைச் சட்டைதான் போட்டிருப்பார். என்னைப் பார்த்துச் சிரிப்பார். அவர் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. எனக்குத்தான் அந்தச் சட்டைக் கையைப் பார்க்க முடியாது.

அதனால யாரையும் குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா அந்த ஒயர் மறுபடியும் நம்ம ஆலயத்தில் வரக் கூடாது. அதுக்காகத்தான் இந்தப் பதிவு.

சென்சர் பொய் சொல்லலை

ராத்திரியில் மட்டும் ஏன் நின்னது? பலபேர் சென்சர் பழுதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. பகல்ல சரியா வேலை செய்யுற சென்சர் ராத்திரியில் மட்டும் எப்படிக் கெடும்?

விஷயம் வேகத்தில் இருக்கு. பம்ப் வேகத்தைப் பாதியாக் குறைச்சா, தண்ணி அளவும் பாதியாகும். ஆனா அழுத்தம் பாதியாகாது, நாலில் ஒரு பங்காகும். கரண்ட் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும். தண்ணி பாதியா வர்றதால ரெண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும் செலவு கால்வாசிதான். பொருளாளர் அண்ணன் சொன்ன சிக்கனம் நூத்துக்கு நூறு சரி. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனா அதே கணக்குதான் சென்சருக்கும். நம்ம ஃபுளோ சுவிட்சில் பைப்புக்குள்ள ஒரு சின்னத் துடுப்பு தொங்குது. தண்ணி வந்து தள்ளினா அது சாயும், சுவிட்ச் மூடும். தண்ணி வேகம் பாதியானா தள்ளுற பலம் நாலில் ஒரு பங்கு. 1200 சுத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் கொஞ்சம்தான் மேலே. அழுத்தத்தைப் பார்க்கிற சுவிட்ச் வெச்சிருந்தாலும் இதே கதைதான். முழு வேகத்தில் 16 பிஎஸ்ஐ காட்டினா, 1200-ல் 3-க்கும் கீழே போயிடும். எல்லாம் புதுசா, சுத்தமா இருந்தப்ப 1200-ல் துடுப்பு எப்படியோ சாய்ஞ்சது. கொஞ்சம் அழுக்கு சேர்ந்ததும் அந்தப் பலம் பத்தலை. சுவிட்ச் உண்மையைத்தான் சொன்னது. தண்ணி பத்தலைன்னு சொன்னது.

எப்படித் தேடினோம்?

நானும் ரெண்டு தம்பிகளும், லைசென்ஸ் உள்ள ஒயர்மேன் ஒருத்தரும் சேர்ந்து ரெண்டு சனிக்கிழமை வேலை பார்த்தோம். மத்த ஆலயத்தில் இதே மாதிரி பம்ப் வெச்சிருந்தா உதவுமேன்னு வரிசையா சொல்றேன். எப்பவும் சுலபமானதிலிருந்து ஆரம்பிக்கணும். சென்சரைத் தொடுறது கடைசி.

முதல்ல தண்ணி மட்டம். தண்ணி உறிஞ்சுற வாய்க்குப் பாதி உயரத்துக்கு மேலே தண்ணி இருக்கணும். நம்ம குளத்தில் இறங்கியிருந்தது. நிரப்பினோம்.

ரெண்டாவது, பம்ப் முன்னால இருக்கிற கூடை. திறந்தா சாமந்தி இதழ், வெற்றிலைத் துண்டு, மாலை கட்டுற வாழைநார், நூல், எண்ணெய்ப் பிசுக்கு. வீட்டு நீச்சல் குளத்தில் இலை வரும். கோயில் குளத்தில் மாலையே வரும். பேனல் மேல ஒட்டியிருக்கிற அட்டையில் வாரம் ஒரு தடவை கழுவச் சொல்லி எழுதியிருக்கு. நமக்கு வெள்ளிக்கிழமை ராத்திரியும் விசேஷம் முடிஞ்ச உடனேயும் கழுவணும்.

மூணாவது, காத்து. கூடை மூடி வழியாப் பார்த்தா ஓடும்போது குமிழி வந்துக்கிட்டே இருந்தது. மூடியோட ரப்பர் வளையம் காய்ஞ்சு வெடிச்சிருந்தது. யாரோ விளக்கெண்ணெய் தடவியிருக்காங்க. அதுக்கு சிலிகான் கிரீஸ்தான் போடணும். புது வளையம் மாத்தினோம், குமிழி நின்னது. மெதுவா ஓடும்போது இந்தக் காத்து வெளியே போகாம பைப்பின் மேல்பக்கம் தங்கும். அங்கே சென்சர் இருந்தா தண்ணி இருந்தும் இல்லைன்னு சொல்லும்.

நாலாவது, மணல் ஃபில்டர். இதை முழு வேகத்தில் வெச்சுத்தான் பார்க்கணும். மெது வேகத்தில் மீட்டர் முள் ஏறாது, ஃபில்டர் சுத்தம்னு ஏமாந்துடுவோம். சுத்தமா இருந்தப்ப 12 பிஎஸ்ஐ. இப்போ 21. பேக்வாஷ் பண்ணினதும் 13-க்கு வந்தது.

அஞ்சாவது, இப்போதான் சுவிட்ச். மெயின் கரண்டை நிறுத்திட்டுக் கழட்டினோம். துடுப்போட மூட்டில் மாலை நூல் நாலு சுத்து சுத்தியிருந்தது. அது மட்டுமில்லை, சுவிட்சைப் பொருத்தின இடமே தப்பு. பைப் வளையுற இடத்திலிருந்து நாலு இன்ச்சில் வெச்சிருந்தாங்க. வளைவில் தண்ணி சுழிச்சுக்கிட்டு வரும், துடுப்பு ஆடும். பொதுவா பைப் விட்டத்தைப் போல பத்து மடங்கு நேர் பைப் முன்னாலயும், அஞ்சு மடங்கு பின்னாலயும் வேணும். நம்மது 2 இன்ச் பைப். முன்னால 20, பின்னால 10 இன்ச். நேரான இடம் பார்த்து மாத்தினோம். சுவிட்ச் மேல இருக்கிற அம்புக்குறி தண்ணி போற திசையைப் பார்க்குதான்னும் பார்த்துக்கணும்.

ஆறாவது, வேகம். முழு வேகத்தில் ஆரம்பிச்சு, நூறு நூறாக் குறைச்சுக்கிட்டே வந்தோம். ஒவ்வொரு தடவையும் மூணு நிமிஷம் காத்திருந்து பார்த்தோம். எல்லாம் சுத்தமா இருக்கும்போது 1100-ல் சுவிட்ச் விட்டது. இதோட நிறுத்தியிருந்தா 1200 போதும்னு நினைச்சிருப்போம். ஆனா ஒரு வெள்ளிக்கிழமை கூட்டம் முடிஞ்சு, கூடை கழுவுறதுக்கு முன்னாடி இதையே மறுபடியும் செஞ்சோம். அப்போ 1300-லயே விட்டது. அதனால ராத்திரி வேகத்தை 1450-ல் வெச்சோம். சுத்தமான நாளுக்கு இல்லை, அழுக்கான நாளுக்குக் கணக்குப் பண்ணணும். ஸ்டார்ட் ஆகும்போது ரெண்டு மூணு நிமிஷம் வேகமா ஓடி, காத்தையெல்லாம் தள்ளிட்டு அப்புறம் குறையுற மாதிரியும் வெச்சாச்சு.

1200-க்கும் 1450-க்கும் கரண்ட் வித்தியாசம் என்ன? ராத்திரி முழுக்க ஓடினாலும் ஒரு யூனிட்டுக்கும் குறைவு. ஒரு தே தாரிக் விலைகூட வராது.

ஒரு முக்கியமான சோதனை

தண்ணி இருக்கும்போது இல்லைன்னு சொல்ற சுவிட்ச் தொந்தரவுதான். ஆனா அது நம்மைக் கூப்பிடுது. தண்ணி இல்லாதப்ப இருக்குன்னு சொல்ற சுவிட்ச்தான் ஆபத்து. அது கூப்பிடாது. பச்சை விளக்கைப் பார்த்துட்டு நாம வீட்டுக்குப் போய் தூங்கிடுவோம். நூல் சுத்திக்கிட்டோ உப்புப் படிஞ்சோ துடுப்பு சாய்ஞ்ச நிலையிலேயே மாட்டிக்கிட்டா, ஜம்பர் போடாமலே ஜம்பர் போட்ட மாதிரிதான்.

அதனால மாசத்துக்கு ஒரு தடவை வேணும்னே பம்பை நிறுத்திப் பார்க்கணும். பம்ப் நின்ன உடனே குளோரின் மெஷின் தண்ணி ஓட்டம் இல்லைன்னு சொல்லணும், குளோரின் எடுக்கிறதை நிறுத்தணும். சொல்லலைன்னா சுவிட்ச் மாட்டிக்கிச்சு. அஞ்சு நிமிஷ வேலை.

இன்னொண்ணு. பழைய பம்ப் காலத்தில் டைமர்தான் பம்புக்குக் கரண்ட் கொடுக்கும். அதோட ஒயரிலேயே மெஷினையும் சேர்த்தா, பம்ப் நிக்கும்போது மெஷினும் நிக்கும். இந்தப் புது பம்ப் அப்படி இல்லை. மோட்டார் நின்னாலும் பம்புக்கு எப்பவும் கரண்ட் இருக்கும், அதோட மூளை உள்ளே இருக்கு. அதனால பம்புக்குக் கரண்ட் இருக்கு, தண்ணி ஓடுதுன்னு எந்த மெஷினும் நினைக்க முடியாது. நம்ம குளத்தில் அதைக் கண்டுபிடிக்கிறது அந்தத் துடுப்பு ஒண்ணுதான். அதைத்தான் நாம ஒரு சின்ன சிவப்பு ஒயரால வாயை அடைச்சோம்.

நான் கேட்டுக்கிறது என்ன?

சில பேர் என்கிட்ட, "அண்ணே, கோயில்ல எதுவும் ஆகாது, சாமி பார்த்துக்கும்"னு சொன்னாங்க. நானும் சாமி கும்பிடுறவன்தான். அன்னிக்கு ஞாயித்துக்கிழமை ஒண்ணும் ஆகலைன்னா அது அவன் கருணைன்னுதான் நானும் சொல்வேன். ஆனா எச்சரிக்கை பண்ண ஒரு துடுப்பு கொடுத்திருக்கு. அதைக் கட்டிப் போட்டுட்டு, காப்பாத்துன்னு கேட்கிறது எனக்கு நியாயமாத் தெரியலை.

இன்னொரு பக்கம், பொருளாளர் அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. "தம்பி, நல்லா ஓடிக்கிட்டு இருந்த பம்புக்கு ஏன் ஒயர்மேன், ரப்பர், பைப் வேலைன்னு முந்நூறு நானூறு வெள்ளி?" அது பக்தர்கள் உண்டியலில் போட்ட காசு, அவர் கேட்கத்தான் செய்யணும். நான் அவருக்குச் சொன்ன பதில் இதுதான்: "அண்ணே, ஓடினது மோட்டார். தண்ணி ஓடலை." காத்தை இழுத்துக்கிட்டு ஓடினா பம்ப் சீல் போயிடும், அதுக்கு அப்புறம் மோட்டாரும் போயிடும். உபயமா வந்த பம்பை ஒரே வருஷத்தில் தூக்கிப் போட்டா, கொடுத்த குடும்பத்துக்கு என்ன முகத்தைக் காட்டுறது? அவர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் பில்லில் கையெழுத்துப் போட்டார்.

எல்லா ஆலயத்திலும் இருக்கிற ஒரு குறையையும் சொல்லிடுறேன். புதுசா ஒண்ணு வாங்கணும்னா உபயம் உடனே கிடைக்கும். பேர் எழுதி வைப்போம், மாலை போடுவோம். வாங்கினதைப் பராமரிக்க உபயம் கேட்டா யாரும் வர மாட்டாங்க. ரப்பர் வளையத்துக்கு யார் பேர் எழுதி வைக்கிறது? ஆனா நம்ம கோயிலில் பாதி மெஷின் கெட்டது பழசாகி இல்லை, பார்க்க ஆள் இல்லாமத்தான்.

அதனால நிர்வாகத்துக்கும் உங்களுக்கும் என் வேண்டுகோள் நாலு.

ஒண்ணு, பேனல் மூடிக்குப் பூட்டுப் போடணும். ஃபுளோ சுவிட்சை யாரும் ஜம்பர் பண்ணக் கூடாதுன்னு உள்ளே எழுதி ஒட்டணும். ஒயர் வேலை எதுவா இருந்தாலும் லைசென்ஸ் உள்ள ஒயர்மேன்தான் செய்யணும். தண்ணியும் கரண்டும் சேர்ந்த இடம், விளையாட்டு இல்லை.

ரெண்டு, பம்ப் ரூமில் ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, கூடை கழுவினது யார், முழு வேகத்தில் மீட்டர் எவ்வளவு, மாசச் சோதனை செஞ்சாச்சா. நாலு வரி போதும். சிவப்பு விளக்கு எரிஞ்சா ரீசெட் பண்றதுக்கு முன்னாடி அதையும் எழுதணும். குருக்கள் ஐயா ரெண்டு வாரம் தினமும் ரீசெட் பண்ணினது யாருக்கும் தெரியாமப் போனதுதான் இவ்வளவுக்கும் ஆரம்பம். அது அவர் தப்பில்லை. எழுதி வைக்க நாம ஒரு இடம் கொடுக்கலை.

மூணு, பம்ப் ரூம் தெரிஞ்ச ஆள் என்னைத் தவிர இன்னும் ரெண்டு பேராவது வேணும். நான் நைட் ஷிஃப்டில் இருந்த பத்து நாளில்தான் இது நடந்தது. ஒரே ஆளை நம்பி ஒரு இடம் இருக்கக் கூடாது.

நாலு, விளக்கு மேடையைப் பம்ப் ரூம் சுவரிலிருந்து தள்ளி வைக்கணும். பம்ப் ரூமுக்கு மேலேயும் கீழேயும் காத்துப் போக்குவரத்துக்கு வழி வேணும். இதுக்கு ஒத்துக்காதவங்க இருக்காங்கன்னு தெரியும். மேடை அங்கேதான் பல வருஷமா இருக்கு. ஆனா குளோரின் மெஷின் வந்து ஒரு வருஷம்தான் ஆகுது. புதுசா ஒண்ணு வந்தா பழசை ஒரு தடவை திரும்பிப் பார்க்கத்தான் வேணும்.

பக்தர்கள் நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். மாலை, பூ, நூல், வெற்றிலை, எதையும் குளத்தில் போடாதீங்க. படி ஓரத்தில் கூடை வெச்சிருக்கோம், அதில் போடுங்க. நீங்க பக்தியோட போடுற மாலை நூல்தான் ராத்திரியில் அந்தத் துடுப்பில் போய்ச் சுத்துது.

இப்போ தண்ணி எப்படி இருக்கு? மூணு வாரமா ராத்திரியில் ஒரு தடவைகூட நிக்கலை. அடித்தளம் தெரியுது. போன வெள்ளிக்கிழமை அந்தப் பாட்டி வந்து காலை நனைச்சுட்டு, "இப்பத்தான்பா தண்ணி தண்ணியா இருக்கு"ன்னு சொன்னாங்க. எங்களுக்கு அது போதும்.

அந்த சிவப்பு ஒயரை நான் தூக்கிப் போடலை. பம்ப் ரூம் ஆணியில் மாட்டி வெச்சிருக்கேன். போட்ட தம்பி இதைப் படிச்சா, கோபம் இல்லைன்னு தெரிஞ்சுக்கோ. வா, உனக்குத்தான் முதல்ல கத்துக் கொடுக்கணும்னு நினைக்கிறேன். பம்ப் ஓடணும்னு கவலைப்பட்டவன் நீ ஒருத்தன்தான்.

வர்ற சனிக்கிழமை காலையில 8 மணிக்குப் பம்ப் ரூமில் இருப்பேன். மாசச் சோதனை எப்படிச் செய்யறதுன்னு காட்டுறேன். ஆம்பளை பொம்பளை யார் வேணும்னாலும் வரலாம், படிப்பு ஒண்ணும் தேவையில்லை. மீட்டர் முள்ளைப் பார்க்கத் தெரிஞ்சா போதும். ரொட்டி சானாயும் தே தாரிக்கும் என் செலவு.